கழுவாத கரி

2022 அக்டோபர் 12, புதன்கிழமை, காலை 7.10. வானம் மூட்டமாக இருந்தது. முந்தின நாள் மாலை பெய்த லேசான தூறலின் ஈரம் தரையில் இன்னும் காயவில்லை, காற்றே இல்லை. தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை பார்த்த முலாம் பூசும் தொழிற்சாலையின் கழிவுநீர்க் கூடத்தில், கடைசிக் குழாயின் அடியில் வெள்ளை வாளியைப் பிடித்தேன். வாளி நிறைய ஆறு விநாடி ஆனது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பச்சையாக இருந்தது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், சென்ற வாரம் என் கைப்பேசிக்கு வந்த ஒரு குரல் செய்தி. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் அனுப்பியது. "அங்கிள், இங்க மறுபடியும் கரி போடப் போறோம். இந்தத் தடவை நெல் உமி கரி. மூணு தடவை கழுவணும்னு பழைய ஃபைல்ல இருக்கு. ஒரு தடவை போதும்லா?" நாற்பது விநாடிச் செய்தி அது. மூன்று தடவை என்று உடனே பதில் அனுப்பிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டு வரவேற்பறையில் ஜன்னலிலிருந்து கதவுக்குப் பதினொரு அடி. அன்று மாலை அதை எத்தனை முறை நடந்தேன் என்று மகளே கேட்டுவிட்டாள். ஆகவே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாலாக் செலாத்தானில் பிறந்தேன், பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்தேன், ஆறு மாதப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். பிறகு முப்பத்தோரு ஆண்டுகள் ஒரே கூடத்தில், ஒரே நான்கு தொட்டிகளின் பக்கத்தில் நின்றேன். மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் நிக்கல் முலாம் பூசுவார்கள். பூசிக் கழுவிய தண்ணீர் எங்களிடம் வரும். அதில் காரம் சேர்த்து உலோகத்தைச் சேறாக அடியில் தங்க வைத்து, மேலே நிற்கும் தண்ணீரில் அமிலம் சேர்த்துச் சமப்படுத்தி, வடிகட்டி, வெளியே ஓடும் லொங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், விடுவதுதான் என் வேலை. எதையும் எண்ணாமல் விட மாட்டேன் என்பதால் தொழிற்சாலையில் எனக்கு 'மீட்டர்' என்று பெயர். மானேஜரிலிருந்து காவலாளி வரை மீட்டர், மீட்டர் அண்ணே, மீட்டர் அங்கிள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு மேலே இருந்தவர் புனிதவதி மேடம், தலைமை வேதியியலாளர். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் பேத்தி. பதினான்கு ஆண்டுகள் அவரிடம் வேலை பார்த்தேன்; ஒரு தடவைகூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அது என்னைப் போன்றவர்களுக்கு நல்லதில்லை. திட்டினால் கணக்கு முடிந்துவிடும். அவர் திட்ட மாட்டார். நாம் ஓர் அளவைச் சொன்னால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இன்னொருக்கால் அளந்து பாருங்கோ" என்பார். இரண்டாவது அளவும் அதேதான் என்றால், "மூன்றாவது?" என்பார். மூன்று முறை அளக்காத எண்ணை அவர் அறையில் யாரும் வாய் திறந்து சொல்ல முடியாது. அவர் கூடத்துக்குள் வந்தால் முதலில் எந்தக் கருவியையும் பார்க்க மாட்டார். தரையைப் பார்ப்பார். தரை எங்கே ஈரமாக இருக்கிறது, அங்கே ஏன் ஈரம் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

கரி வைக்கலாம் என்பது அவருடைய யோசனைதான். எங்கள் தண்ணீரில் நிக்கல் சட்ட எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் எல்லையை ஒட்டியே இருந்தது. எல்லை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் எங்களுக்கு 0.8, சில நாள் 0.9. பளபளப்புக்காகத் தொட்டியில் ஊற்றும் மருந்து உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் தொட்டியில் நாங்கள் சேர்க்கும் காரத்துக்குக் கொஞ்சம் அடியில் தங்காது. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் கரி. பந்திங் பக்கம் ஒருவர் செம்பனைக் கொட்டை ஓட்டைக் காற்றுப் புகாத இரும்புப் பீப்பாயில் சுட்டுக் கரியாக்கி மூட்டையில் தருவார். பாமாயில் ஆலைகள் எரிப்பதற்கும் சாலையில் கொட்டுவதற்கும் வைத்திருந்த ஓடு அது. சுட்ட பிறகு அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். தண்ணீரில் இருக்கும் உலோகம் அந்தத் துளைகளின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். 'பயோசார்' என்று மேடம் கோப்பில் எழுதினார். நாங்கள் கரி என்போம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருந்த பழைய இரும்பு உருளை ஒன்றை நிறுத்தி, அதில் அறுபது மூட்டைக் கரியைக் கொட்டினோம். அதற்குக் கோபுரம் என்று பெயர் வைத்தது நான்தான்.

கழுவும் முறையை மேடமே எழுதித் தந்தார். கரியைத் தொட்டியில் போட்டு நல்ல தண்ணீர் நிரப்பி, இருபது நிமிடம் துடுப்பால் கிளற வேண்டும். வடிக்க வேண்டும். வடிந்த தண்ணீரில் காரம் காட்டும் சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். மறுபடி நிரப்பி, கிளறி, வடிக்க வேண்டும். மொத்தம் மூன்று முறை. முதல் தண்ணீர் மை மாதிரி இருக்கும், தாள் கருநீலமாக மாறும். மூன்றாவது தண்ணீரில் தாள் பச்சைக்கு வந்துவிடும். பிறகுதான் கோபுரத்தில் கொட்டலாம். கோபுரத்தில் கரி போடும் ஒவ்வொரு தடவைக்கும் கோப்பில் ஒரு பதிவுத் தாள். தாளில் மூன்று கட்டம். ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு சரி அடையாளம். கீழே நான் கையெழுத்திட வேண்டும், அதற்கும் கீழே அவர்.

முதல் ஆறு மாதம் அப்படியே செய்தோம். நிக்கல் 0.5க்கு இறங்கியது. நல்ல கரி. அதன் மேல் எனக்கு இன்றைக்கும் எந்தக் குறையும் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதைப் படித்துவிட்டுக் கரியைக் குறை சொல்பவர்கள் இருப்பார்கள்.

ஆகஸ்ட்டில் பழைய கரியை எடுத்துவிட்டுப் புதிதாக அறுபது மூட்டை நிரப்ப வேண்டிய வாரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. குழாய் நிற்பது பழகிப்போன கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று நாள் என்றார்கள், ஐந்து நாள் ஆனது. அறுபது மூட்டையை மூன்று தடவை கழுவ ஒன்பதாயிரம் லிட்டர் வேண்டும். சேமித்திருந்த தண்ணீர் முலாம் பூசுவதற்கே சரியாக இருந்தது, கழிப்பறைக்கே லோரியில் வந்துகொண்டிருந்தது. மேடம் அந்த வாரம் ரவாங் கிளையில் இருந்தார். கோபுரம் காலியாக இருந்தால் தண்ணீரை வெளியே விடக்கூடாது என்பது மேடத்தின் உத்தரவு, தொழிற்சாலை நிற்க வேண்டும். கழுவாமல் கொட்டினேன். தாளில் மூன்று கட்டத்திலும் சரி போட்டேன். தண்ணீர் வந்ததும் மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் போட்டேன்.

மறுநாள் அளந்தேன். 0.1.

இன்னொருக்கால் அளந்தேன். 0.1. மூன்றாவதும் அதேதான். முப்பத்தோரு ஆண்டில் அந்தக் குழாயில் நான் பார்க்காத எண் அது. கழுவாத கரி கழுவிய கரியைவிட ஐந்து மடங்கு நன்றாக வேலை செய்கிறது! கழுவும்போது நல்லதையெல்லாம் நாமே வடித்து ஊற்றிவிடுகிறோம் என்று முடிவு கட்டினேன். பத்து வார எண்ணைச் சேர்த்து, கோடு போட்ட தாளில் வரைந்து, மேடத்தின் மேசையில் வைக்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாரம் ஒருமுறை மேலே மூன்று மூட்டை சேர்ப்போம். அதையும் கழுவவில்லை. ஒவ்வொரு வாரமும் மூன்று சரி. வெளியே போகும் தண்ணீரில் காரம் கொஞ்சம் ஏறியிருந்ததைப் பார்த்தேன். எல்லைக்குள்தானே என்று விட்டுவிட்டேன்.

இனி பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குழாய் விழும் லொங்காங்கின் ஓரமாக, 340 அடி எடுத்து வைத்தால், அவருடைய கீரைத் தோட்டம். தோட்டம் என்றால் அரசாங்க ஒதுக்கு நிலத்தில் இருபத்தெட்டுப் பாத்தி. பட்டா கிடையாது. தண்டுக்கீரை, சிவப்புக்கீரை, ஓரத்தில் வெண்டை. ஐம்பத்து நான்கு வயது. கணவர் இறந்த பிறகு இதை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். லொங்காங்கில் பலகையைக் குறுக்கே வைத்துத் தண்ணீரைத் தேக்கி, சின்ன பம்ப்பால் இறைத்துப் பாய்ச்சுவார். முதலில் அவருக்குப் பயம் இருந்தது. திங்கட்கிழமைதோறும் வேலி ஓரமாக வந்து நிற்பார்.

"மீட்டர் அண்ணே, தண்ணி எப்படி?"

"பூஜ்யம் புள்ளி ஒண்ணு."

"நம்பர் யாருக்குண்ணே வேணும்? ஊத்தலாமா, வேணாமா?"

"ஊத்துங்க பாக்கியம். இதைவிட நல்ல தண்ணி இந்த லொங்காங்ல இதுவரைக்கும் ஓடினதில்லை."

"அப்போ நீங்க ஒரு கிளாஸ் குடிச்சிட்டுச் சொல்லுங்க பார்ப்போம்."

சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒன்பது திங்கட்கிழமை அப்படிச் சொல்லியிருக்கிறேன். புரட்டாசி வேறு. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் கீரைக்கு அடிபிடி நடக்கும் மாதம். அந்த ஆண்டுக் கடைசிப் புரட்டாசிச் சனிக்கிழமை அக்டோபர் 15. வெள்ளிக்கிழமை அத்தனை பாத்தியையும் அறுத்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாள் விற்பனையில்தான் மகனின் கல்லூரிக் கட்டணம் இருந்தது.

இப்போது அந்தப் புதன்கிழமை. அமிலம் சேர்க்கும் பம்ப்பின் உணர்முனையில் பாசி படிந்து, அது தப்பாகக் காட்டியிருக்கிறது. காலை ஆறரைக்கு ஓடத் தொடங்கிய பம்ப் நிற்கவே இல்லை. எலுமிச்சைச் சாற்றைவிடக் கொஞ்சம்தான் புளிப்புக் குறைந்த தண்ணீர் கோபுரத்துக்குள் போயிருக்கிறது. மறுபக்கம் நிக்கலின் பச்சையோடு வந்திருக்கிறது.

7.14க்கு வால்வை மூடினேன். ஓட்டமானியைப் பார்த்தேன்: அதற்குள் 2,600 லிட்டர் வெளியே போயிருந்தது.

அடுத்து நான் செய்ததைத்தான் இன்றுவரை ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்து நடந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். அளக்கப் போனேன். கருவியில் எண் வரவில்லை, கோடுகள் மினுக்கின. அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. நூறில் ஒரு பங்காகக் கரைத்தேன். 4.1. அப்படியென்றால் நானூற்றுப் பத்து. நம்பவில்லை. கண்ணாடிக் குழாயைக் கழுவி, துடைத்து, மறுபடி கரைத்தேன். 4.3. மூன்றாவது முறை, 4.0. பெருக்கிப் பார்த்தேன்: ஒரு கிலோவுக்கு மேல் நிக்கல், கடையில் வாங்கும் ஒரு சீனிப் பொட்டலத்தின் எடை, நாற்பது நிமிடத்தில் லொங்காங்கில் போயிருக்கிறது. எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி முடித்தபோது மணி 7.52. பிறகுதான் வேலிக்கதவைத் திறந்தேன். 340 அடி. இரண்டு நிமிடம்.

பாக்கியம் பம்ப்பின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். பாத்திகள் நனைந்து பளபளத்தன.

"என்னண்ணே, ஓடி வர்றீங்க? நாய் தொரத்துதா?"

"தண்ணி ஊத்தாதீங்க பாக்கியம். எங்க பக்கம் பம்ப் கொஞ்சம் ரிப்பேர்."

"அதை நேத்தே சொல்லக்கூடாதா? ஏழே காலுக்கு மேல ஆரம்பிச்சு இப்பதான் முடிச்சேன். பதினாறு பாத்தி ஊத்தியாச்சு."

"சரி. சாயந்திரம் ஊத்தாதீங்க."

"சாயந்திரம் மழை வரும். உங்க தண்ணி யாருக்கு வேணும்?" என்று சிரித்தார்.

அவ்வளவுதான் பேசினேன். பலகைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைப் பார்த்தேன். லொங்காங்கின் கறுப்பில் பச்சை தெரியவில்லை. நனைந்த பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பினேன். 7.14க்கே போயிருந்தால் அவர் பம்ப்பைத் தொட்டிருக்கவே மாட்டார்.

மானேஜரிடம் சொன்னேன். சாயந்திரம் மழை வந்தால் லொங்காங் கழுவிக்கொண்டு போய்விடும், அந்தத் தோட்டமே சட்டப்படி அங்கே இல்லை, இல்லாத தோட்டத்துக்கு என்ன சொல்வது என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது வசதியான கணக்கு. அன்று மத்தியானம்வரை எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு மேடம் ரவாங்கிலிருந்து திரும்பினார். கூடத்துக்குள் வந்தார், தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எண்களைச் சொன்னேன். மூன்று முறை அளந்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. கோப்பை எடுத்து, ஆகஸ்ட்டிலிருந்து இருந்த பத்துத் தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"முப்பது சரி போட்டிருக்கிறீங்கள். இதில எத்தனை உண்மை?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"நான் அப்பிடித்தான் நினைச்சன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கரி அவ்வளவு நல்லா வேலை செய்யேலாது. கரி பிடிச்சது கொஞ்சம். சாம்பல் பிடிச்சதுதான் மிச்சம். கழுவாத கரியில சாம்பல் இருக்கும், சாம்பல் காரம். நாங்கள் முதல் தொட்டியில காஸ்டிக் சோடா போட்டுச் செய்யிற வேலையை அது கோபுரத்துக்குள்ள செய்திருக்கு. நிக்கல் ஒட்டேல்லை, சேறாப் போய்த் தங்கியிருக்கு. ஒன்பது கிழமையாச் சேர்ந்த சேறு. அமிலம் வந்தவுடனே எல்லாம் கரைஞ்சு வெளியில வந்திட்டுது."

முப்பத்தோரு ஆண்டு நான் காரம் போட்டு உலோகத்தைச் சேறாக்கியவன். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்த விஷயம் வேறு சட்டை போட்டு வந்தபோது அடையாளம் தெரியவில்லை. நல்ல எண் வந்துவிட்டது. ஏன் வந்தது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"கீழே கையெழுத்து யாருடையது?" என்றார்.

"உங்களோடது மேடம்."

"ஓம். பாக்காமல் போட்டது என்ர பிழை. சுற்றுச்சூழல் துறைக்கு இண்டைக்கே எழுதுறன், இரண்டு பேர் பெயரும் வரும்." தாள்களை அடுக்கினார். "அந்தத் தோட்டக்கார அம்மாவிட்ட என்ன சொன்னீங்கள்?"

"தண்ணி ஊத்த வேணாம்னு சொன்னேன்."

"ஊத்தினதைப் பற்றி?"

அடுக்கிய தாள்களைக் கோப்பில் செருகினேன். பேனாவை மூடும் சத்தம் கேட்டது. துறைக்கு எழுதத் தன்னால் முடியும், அந்த அம்மாவிடம் போக வேண்டியது நான்தான் என்பதை அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மழையால்தான் போகவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வியாழன் காலை 8.05க்குப் போய் நின்றேன். பாக்கியம் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கழுவாத கரி, பச்சைத் தண்ணீர், வால்வு மூடிய நேரம், நான் வந்த நேரம். கையிலிருந்த களையைக் கீழே போடாமலே கேட்டார்.

"அப்போ இந்தக் கீரை?"

"விக்கக்கூடாது."

"எது? ஊத்தின பதினாறு பாத்தியா?"

"சோதனை பண்ணுற வரைக்கும் எல்லாமே."

"நாளைக்கு அறுப்பு. நாளன்னைக்குப் புரட்டாசி சனி. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒம்போது வாரம் வேலியில நின்னு கேட்டேன். நல்ல தண்ணி, நல்ல தண்ணின்னு யாரு சொன்னா? நானா?" அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "நேத்துச் சொல்லியிருந்தா நாப்பது கட்டு அனுப்பியிருக்க மாட்டேனே அண்ணே!"

எனக்கு உடனே விளங்கவில்லை. "என்ன நாப்பது கட்டு?"

"நேத்து மத்தியானம் முன் பாத்தி அறுத்து வேன்ல போட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்கு. நீங்க ஊத்த வேணாம்னுதான சொன்னீங்க? அறுக்க வேணாம்னு சொன்னீங்களா?"

கடையின் பெயரைக் கேட்டேன். நண்பர் ஒருவரின் காரில் கிள்ளான் ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல். பாக்கியம் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்தே அந்தக் கடைக்கு ஃபோன் போட்டுக்கொண்டே இருந்தார். புரட்டாசியில் சமையல்கட்டில் யார் ஃபோன் எடுப்பார்கள்? ரயிலில் உட்கார முடியவில்லை. கதவோரம் நின்று நிறுத்தங்களை எண்ணினேன். எண்ணுவதால் ரயில் வேகமாகப் போகாது என்று தெரிந்தும் எண்ணினேன்.

11.40க்குக் கடையில் நுழைந்தேன். மேசைகள் நிறைந்திருந்தன. பரிமாறுகிறவர் வாளியோடு இலைக்கு இலை போய்க்கொண்டிருந்தார். வாளியில் கீரைக் கூட்டு. கல்லாவில் இருந்த கடைக்காரரிடம் குனிந்து சொன்னேன்.

"அங்கிள், என்ன விளையாடுறீங்களா? புரட்டாசியில வந்து கீரையில விஷம்ன்றீங்க. கடையை மூடவா வந்தீங்க?"

"விஷம்னு சொல்லல. தொழிற்சாலைத் தண்ணி பட்டிருக்கு. அந்தத் தண்ணியை விட்டது நான்தான்."

"நீங்க யாரு?"

வேலை அட்டையைக் காட்டினேன். அதை வாங்கிப் படித்தார். பிறகு எழுந்து போய்ப் பரிமாறுகிறவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினார். "கூட்டு முடிஞ்சிருச்சு. கோஸ் போடு," என்றார். என் பக்கம் திரும்பி, மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "பாக்கியம் அக்கா முகத்துக்காகச் செய்யுறேன். உங்களுக்காக இல்ல."

உள்ளே முப்பத்தொரு கட்டு இருந்தது. ஒன்பது கட்டு வெந்துவிட்டது. கட்டுக்கும் கூட்டுக்கும் காசு கொடுத்து, மிச்சத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வெளியே வரும்போது, திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூட்டு விழுந்திருந்த இலைகள் இருபத்து மூன்று. சிலர் சாப்பிட்டு முடித்து இலையை மடித்திருந்தார்கள். ஒரு பெண்மணி, இன்னும் கொஞ்சம் கூட்டு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தவை எல்லாம் மெதுவாக நடந்தன. சோதனைக்கூடத்துக்குக் கீரையும் மண்ணும் அனுப்பினேன். கழுவாத கீரையில் நிக்கல் இருந்தது. நன்றாகக் கழுவிய கீரையில் குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. பதினாறு பாத்தியின் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த மண்ணை எங்கள் சேற்றுப் பீப்பாய்களோடு சேர்த்து முறைப்படி அனுப்ப மேடம் ஏற்பாடு செய்தார். அது அவர் அங்கே செய்த கடைசி வேலைகளில் ஒன்று. அடுத்த மாதம் அவரை ரவாங் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். போகும் நாளன்று கூடத்துக்கு வந்து தரையைப் பார்த்தார். காய்ந்திருந்தது. "சரி" என்றார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதம் கழித்து ஓய்வு பெற்றேன். பட்டா இல்லாத நிலத்துக்குக் கம்பெனி ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுத்தால் தோட்டம் இருப்பதை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்றார்கள்.

பாக்கியத்தின் மகன் அந்தத் தவணை கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு தவணை தள்ளிப் போட்டான். அதற்கு எந்தக் காசோலையும் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். புது மண், மழைநீர்த் தொட்டி, குழாய் எல்லாம் என் செலவில் போட்ட பிறகு, விளைச்சல் இல்லாமல் போன நாட்களுக்கு நாளொன்றுக்கு அறுபது ரிங்கிட் என்று கணக்குப் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

"அறுபதா?" என்றார். "எண்பத்தஞ்சு. மழை நாளும் சேர்த்துதான் சொல்றேன். எழுபது நாள்."

மறுநாள் மீதியைக் கொண்டு வந்தேன். என் எதிரிலேயே எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நீங்க குடுத்த கணக்கை நம்பித்தான் நான் தண்ணி ஊத்தினேன்."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டம் இப்போதும் இருக்கிறது. தொட்டித் தண்ணீர்தான் பாய்ச்சுகிறார். அதை அளந்து தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார், கோபம் இல்லாமல்.

அந்த இருபத்து மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வேளைக் கூட்டில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று மருத்துவர் ஒருவர் சொன்னார். ஆகவில்லை என்று எனக்குச் சொல்ல அவர்களில் ஒருவரும் வரப்போவதில்லை. கடைக்குப் போய் நிற்கலாம், யாரிடம் கேட்பது? கூட்டு இன்னும் கொஞ்சம் கேட்ட பெண்மணியின் முகம்கூட நினைவில் இல்லை, கை மட்டும்தான் நினைவிருக்கிறது. என் கணக்கில் அவர்களுக்கான வரிசையில் எழுத என்னிடம் எண் இல்லை. மண், லோரி, தொட்டி, சோதனை, எழுபது நாள், முப்பத்தொரு கட்டு, ஒரு வாளிக் கூட்டு, ரயில் கட்டணம் என்று எனக்குத் தெரிந்ததை மட்டும் கூட்டினால் வருவது: ஒன்பதாயிரத்து நூற்று இருபத்தெட்டு ரிங்கிட், அறுபது காசு.